நான்கு அலாய் வீல்கள், ஐந்து மாதங்கள், 30,150 ரூபாய்

எங்கள் காரின் பழைய அலாய் வீல்களை, அதாவது அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரங்களை, வீட்டிலேயே சுரண்டிப் புதுப்பித்துவிடலாம் என்று இறங்கினேன். வேலை முடிய ஐந்து மாதமும் 30,150 ரூபாயும் ஆயின. அதே அளவில் புதிய செட் 24,000 ரூபாய்க்குக் கிருஷ்ணகிரியிலேயே கிடைத்தது. விவரம் தெரிந்து செய்திருந்தால் பழைய வீல்களையே 12,200 ரூபாயில் புதுப்பித்திருக்கலாம். பணம் போனதுகூட ஆறிவிடும். ஆவணி மாதத்தில் தொப்பூர் கணவாய்க்குச் சற்று முன்னால் நடந்தது இன்றும் நடுராத்திரியில் என்னை எழுப்பி உட்கார வைக்கிறது. யாராவது ஒரு வரி எச்சரித்திருந்தால் அது நடந்திருக்காது. எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. 2011-ல் பெங்களூரா மாங்காய் எங்கள் தோப்பில் நன்றாகப் பிடித்தது. கூழ் ஆலைக்குப் போட்ட காய்க்குக் கிடைத்த பணத்தில் எங்கள் வீட்டின் முதல் காரை வாங்கினோம். 14 அங்குல அலாய் வீல்கள் அதன் கூடவே வந்தவை. பத்து வருடத்துக்கு மேல் அவற்றை நான் கவனித்ததே இல்லை. கெட்டது ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில். பிரேக் தூசு கறுப்பாகப் படிந்திருக்கிறது என்று அங்கிருந்த பையன் ஒரு பாட்டிலில் இருந்து எதையோ பீய்ச்சினான். நொடியில் பளபளத்தது. அது அமிலம். சரியாக அலசாமல் விட்டதால் மேலே இருந்த கண்ணாடி போன்ற பூச்சு நட்டு ஓட்டைகளைச் சுற்றி வெடித்தது. அடுத்த மழைக்காலத்தில் பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள் ஓடின. அலுமினியம் பூச்சுக்கு அடியில் அரிக்கிற விதம் அப்படித்தான். ஒரு கீறல் கிடைத்தால் ஈரம் உள்ளே புகுந்து, பூச்சைத் தூக்கிக்கொண்டே நகரும். மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடியில் அரிப்பு நிற்காது. வெறும் உலோகம் வரை சுரண்டித்தான் ஆகவேண்டும் என்பதை மட்டும் நான் சரியாகப் புரிந்துகொண்டேன். எப்படிச் சுரண்டுவது என்பதில்தான் எல்லாத் தவறும் நடந்தது.

மாங்காய் வேலை ஓய்ந்த ஆனிக் கடைசியில் ஆரம்பித்தேன். தோப்பு கேட்டில் இருந்த பழைய பெயின்டை ஒருமுறை காஸ்டிக் சோடா கரைசலில் எடுத்திருக்கிறேன். இரும்புக்கு அது எதுவும் செய்யவில்லை. அதே நினைப்பில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, முதல் வீலை உள்ளே இறக்கினேன். ஐந்து நிமிடத்தில் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரை பொங்கியது. தொட்டியின் பக்கத்தைத் தொட்டால் கை சுட்டது. பெயின்ட் கழல்கிறது என்று சந்தோஷப்பட்டு நாற்பது நிமிடம் விட்டேன். உண்மையில் கரைந்துகொண்டிருந்தது வீல். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். தின்னும்போது வெளியே வருவது ஹைட்ரஜன் வாயு. பத்தடி தூரத்தில் அம்மாவின் வெந்நீர் அடுப்பில் தென்னை மட்டை எரிந்துகொண்டிருந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது எங்கள் அதிர்ஷ்டம்.

வெளியே எடுத்தபோது வீல் அடுப்புக்கரி பூசினதுபோல் கறுத்திருந்தது. துணியால் துடைத்தால் கறுப்பு போய்க்கொண்டே இருந்தது, அடியில் சொரசொரப்பான சாம்பல் நிறம். நட்டு உட்காருகிற கூம்பு வடிவப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். மற்ற மூன்று வீல்களிலும் அந்த இடம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது. இதில் மட்டும் உப்புத்தாள்போல் விரலில் உராய்ந்தது. அதோடு அந்த வீலின் ஆயுள் முடிந்தது. அந்தப் பள்ளம்தான் நட்டைப் பிடித்து நிறுத்துகிற இடம், அது கெட்ட வீலைக் காரில் மாட்டக் கூடாது. தொட்டி நீரை வாய்க்காலில் சாய்த்ததில் அம்மாவின் கறிவேப்பிலைச் செடி மூன்றே நாளில் வேரோடு கருகியது. ஒன்பது வருடச் செடி. அம்மா என்னைத் திட்டவில்லை. "இனிமேல் எதைக் கொட்டுவதாக இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேள்" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட அதிகமாக வலித்தது. அலுமினியத்துக்குப் பக்கத்தில் காஸ்டிக் சோடாவைக் கொண்டுபோகவே வேண்டாம், வடிகால் திறக்கப் பயன்படுத்துகிற தூளும் பெரும்பாலும் அதேதான்.

மூன்று வீல்களோடு கார் ஓடாது. ஒற்றை வீலைத் தேடிப் பெங்களூரு சிவாஜிநகரின் பழைய உதிரி பாகக் கடைகளுக்குப் போனேன். இரண்டாவது பயணத்தில்தான் கிடைத்தது. வீல் 4,500, போக்குவரத்து 600. பழைய வீல் வாங்குகிறவர்கள் முன்பக்க அழகைப் பார்த்து ஏமாறக்கூடாது. கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். விட்டம், அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டில் இருந்து அது காரோடு உட்காருகிற முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) மூன்றும் அங்கே வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நான்கு நட்டு ஓட்டைகளுக்கும் இடையிலான அளவும், நடு ஓட்டையின் அளவும் உங்கள் காருக்குப் பொருந்தவேண்டும். ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தரக் குறி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரக்கால்கள் மையத்தோடு சேருகிற மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும். யாராவது வெல்டிங் வைத்து மறைத்த வீல் என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆடி மாதம் பெயின்ட் ரிமூவரில் கழிந்தது. இது அலுமினியத்தைத் தின்னாது, அந்த வகையில் சரியான தேர்வு. ஆனால் என்னிடம் கிடைத்தது மெத்திலீன் குளோரைடு கலந்தது. அந்தப் பெயர் டப்பாவின் பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. ஆடிக் காற்றில் தூசு பறக்கிறது என்று கார் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் குந்தி உட்கார்ந்து வேலை செய்தேன். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும். நான் குந்தியிருந்த உயரத்தில்தான் அது அடர்த்தியாக இருந்திருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் தலை கிறுகிறுத்து, எழுந்தால் சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. பசி மயக்கம் என்று நினைத்தேன். இந்த ரசாயனத்தில் ஒரு பகுதி உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது, இதய நோய் இருப்பவர்களுக்கு உயிரே போகலாம் என்பதைப் பிறகுதான் மருத்துவர் விளக்கினார். அவரிடம் போனது தலைச்சுற்றலுக்காக அல்ல, கைக்காக. நான் போட்டிருந்தது மருத்துவமனைகளில் பயன்படுத்தும் மெல்லிய கையுறை. ரிமூவர் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவி, கையுறைக்கு உள்ளேயே தோலோடு ஒட்டி நின்றது. வெந்நீர் கொட்டினதுபோல் இரண்டு விரல்கள் கொப்பளித்தன. மருந்துக்கும் கட்டுக்கும் 900 ரூபாய். இரண்டு வாரம் வலது கையால் சோறு பிசைய முடியவில்லை, என் மகள்தான் ஊட்டிவிட்டாள். ஆறு வயது அவளுக்கு.

இந்த வேலையைச் செய்தே தீரவேண்டும் என்றால் திறந்த வெளியில், மர நிழலில், காற்று உங்கள் முதுகுப் பக்கத்தில் இருந்து அடிக்கும்படி வீலை மேசைமேல் வைத்துச் செய்யுங்கள். மூக்கில் கட்டுகிற துணியும் தூசிக்கான முகமூடியும் இந்த ஆவியைத் தடுக்காது. டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்றிருந்தால் வைத்துவிட்டு வேறு வகை கேளுங்கள். அது மெதுவாக வேலை செய்யும், ஒரு நாள் அதிகம் ஆகும், ஆகட்டும். தடவியவுடன் பாலிதீன் தாளால் இறுக்கிச் சுற்றி வைத்தால் சீக்கிரம் காய்ந்துபோகாமல் பூச்சை நன்றாக ஊறவைக்கும். வெயிலில் வைக்கக்கூடாது. பூச்சு சுருங்கி எழும்பியதும் பிளாஸ்டிக் சுரண்டியும் நைலான் பிரஷும்தான் எடுக்கவேண்டும். நான் இரும்புக் கம்பி பிரஷ் போட்டேன். அதன் நுண்ணிய இரும்புத் துகள்கள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து, மாதம் திரும்புவதற்குள் பெயின்டுக்கு அடியில் துருப் புள்ளிகளாக முளைத்தன. வழித்தெடுத்த கசடை மண்ணில் கொட்டவில்லை. இந்தமுறை அம்மாவிடம் கேட்டு, ஒரு தகர டின்னில் சேர்த்து மூடி வைத்தேன்.

சுரண்டிய வீல்களைக் கழுவிய தண்ணீரிலும் ஒரு பாடம் இருந்தது. எங்கள் போர் தண்ணீர் கடின நீர். வாளியில் நாள்பட நின்றால் வெள்ளை வளையம் படியும், தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்ததும் வீல் முழுக்க உப்புத் திட்டுகள். அதன்மேல் பிரைமர் அடித்தால் அந்தத் திட்டுதான் பின்னால் பூச்சு உரிகிற முதல் இடமாகும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயில் பிடித்த காவிரித் தண்ணீரைப் பயன்படுத்தி, உடனே சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தபிறகு திட்டு நின்றது. நான்கு வீலுக்கும் சேர்த்து ஒரு குடம்கூட ஆகவில்லை.

பிறகு பெயின்ட். பிரைமர், சில்வர், கடைசியாக மேலே அடிக்கிற நிறமில்லாத கிளியர் என்று பன்னிரண்டு ஸ்பிரே டப்பாக்கள், 4,800 ரூபாய். வெறும் அலுமினியம் காற்று பட்டவுடனேயே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதனால் கடைசியாகத் தேய்த்த அன்றே பிரைமர் போட்டுவிடவேண்டும், அதுவும் அலுமினியத்தைக் கவ்விப் பிடிக்கிற எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமராக இருக்கவேண்டும். நான் மரச்சாமானுக்கும் இரும்புக்கும் அடிக்கிற சாதாரண பிரைமரை, தேய்த்து நான்கு நாள் கழித்து அடித்தேன். முதல் வீலில் சில்வர் அடித்தபோது வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகிக் குழி விழுந்தது. டயர் பாலிஷில் இருக்கிற சிலிக்கோன் உலோகத்தில் ஒட்டியிருந்ததே காரணம். உப்புத்தாளால் தேய்த்தால் அது போகாது, இன்னும் பரவும். தேய்க்கத் தொடங்குவதற்கு முன்பே எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைத்து, துணியைத் திருப்பாமல் புதிய துணி எடுத்து மறுபடி துடைக்கவேண்டும். கிளியர் அடித்த அன்று மாலை ஆவணி மழை இறங்கியது. ஈரக் காற்றில் அடித்த கிளியர் கண்ணாடிபோல் நிற்காமல் மோர் ஊற்றினதுபோல் வெளுத்துவிட்டது. மழை அறிகுறி இருக்கும் நாளில் டப்பாவைத் திறக்கவே கூடாது என்பதை எங்கள் ஊர்த் தச்சர்கள்கூட அறிவார்கள், நான் கேட்கவில்லை.

இவையெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட குறைகள். உயிர் சம்பந்தப்பட்ட குறையை நான் செய்தது பின்பக்கத்தில். முன்பக்கம் அடித்து மீந்த பெயின்ட் வீணாகவேண்டாம் என்று வீலைத் திருப்பிப் போட்டு, ஹப்போடு, அதாவது காரில் வீலைத் தாங்குகிற இரும்புப் பகுதியோடு, ஒட்டி உட்காருகிற தட்டையான முகத்திலும், நட்டுப் பள்ளங்களிலும், டயர் விளிம்பு உட்காருகிற வரம்பிலும் இரண்டு கை அடித்தேன். துருப்பிடிக்காமல் இருக்கும் என்பது என் எண்ணம். அன்று எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்று நினைத்தால் இப்போது நெஞ்சு படபடக்கிறது.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் சேலத்தில் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். விடியற்காலையில் அம்மா, மனைவி, மகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். தர்மபுரி தாண்டும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. பாளையம் சுங்கச்சாவடியில் வரிசைக்காக வேகம் குறைந்தபோது முன் இடது பக்கத்தில் இருந்து 'கடக்... கடக்' என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் மறைந்தது, குறைந்தால் வந்தது. ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம். அம்மா, "கல் ஏதாவது சிக்கியிருக்கும், போகலாம், முகூர்த்தத்துக்கு நேரமாகிறது" என்றார். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் கணவாய் இறக்கம். பெங்களூருப் பக்கமிருந்து வருகிற லாரிகள் பிரேக் பிடிக்காமல் எத்தனை விபத்துகள் நடந்த இறக்கம் அது என்று இந்தச் சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும். ஏனோ மனம் ஒப்பவில்லை. சாவடியைத் தாண்டி ஓரம் கட்டினேன்.

வீலைச் சுற்றிப் பார்த்தேன், டயரில் கல் இல்லை. நட்டின்மேல் கையை வைத்தேன். விரலாலேயே சுழன்றது. ஸ்பானர் இல்லாமல், தண்ணீர் பாட்டில் மூடி கழல்வதுபோல். நான்கில் இரண்டு நட்டுகள் அப்படி. மூன்றாவது பாதி இறுக்கத்தில். ஒன்றே ஒன்றுதான் வீலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் பட்டுப்பாவாடையோடு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அந்த வீலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

சாலையோரப் பஞ்சர் கடையில் இருந்து ஒரு பையன் வந்தான், இருபது வயது இருக்கும். ஜாக்கி வைத்து வீலைக் கழற்றித் திருப்பினான். ஹப்போடு உட்காருகிற முகத்தில் நான் அடித்த சில்வர் நசுங்கி, ஓரமாகப் பிதுங்கி, செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. ஒரு செதிலை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "அண்ணா, நீங்கள் நட்டை இறுக்கியது இரும்போடு இல்லை, இந்தப் பெயின்டோடு. இது நசுங்க நசுங்க நட்டு தானாகத் தளரும்" என்றான். எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. வீலை ஹப்போடு பிடித்து வைத்திருப்பது நட்டு கொடுக்கிற அழுத்தம். இரண்டு உலோக முகங்கள் நேருக்கு நேர் அமுங்கி நின்றால்தான் அந்த அழுத்தம் நிலைக்கும். நடுவில் மெத்தென்ற பெயின்ட் இருந்தால் முதலில் அது நசுங்கும், அழுத்தம் போகும், நட்டு ஆடத் தொடங்கும். அவன் நான்கு வீல்களையும் கழற்றி, பிளேடால் அந்த முகங்களையும் பள்ளங்களையும் உலோகம் தெரியும்வரை சுரண்டி மாட்டிக் கொடுத்தான். ஒன்றரை மணி நேரம் ஆனது. தாலி கட்டுவதைப் பார்க்க முடியவில்லை. அவன் கேட்டது 200 ரூபாய். நான் கொடுத்ததை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் முதலில் வாங்கியது நட்டின் இறுக்கத்தை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச், 2,800 ரூபாய். கார் கையேட்டில் நட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்று எழுதியிருக்கும், என் காருக்கு 85 நியூட்டன் மீட்டர். ஸ்பானர்மேல் ஏறி நின்று மிதிப்பது ஒரு கணக்கே இல்லை. அதிகமாக இறுக்கினால் மரை கெடும், குறைவாக இறுக்கினால் என் கதைதான். எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று சுற்றில் சிறுகச் சிறுக இறுக்கவேண்டும். மாட்டிய பிறகு 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 100 கிலோமீட்டரில் ஒருமுறை மறுபடி சோதிக்கவேண்டும். வீலைப் பெயின்ட் செய்யாமல், பஞ்சருக்காக மட்டும் கழற்றி மாட்டியவர்களும் இதைச் செய்தே ஆகவேண்டும்.

அதற்குள் டயர்களில் காற்று இறங்கத் தொடங்கியது. 30 பி.எஸ்.ஐ. வைத்தால் வாரத்தில் 22. டயர் விளிம்பு உட்காருகிற வரம்பில் பெயின்ட் உரிந்ததும், அங்கே பழைய அரிப்பை நான் சரியாக எடுக்காததும் காரணம். மோர் நிறத்தில் வெளுத்த கிளியர், முளைக்கிற துருப் புள்ளிகள் எல்லாவற்றையும் பார்த்து, இனி முழுவதையும் மறுபடி உலோகம் வரை எடுத்துப் பவுடர் கோட்டிங், அதாவது பொடியாகத் தூவி அடுப்பில் வேகவைக்கிற பூச்சு, செய்வது என்று முடிவெடுத்தேன். அதற்கு முன் மணல் வீச்சு, அதாவது காற்றழுத்தத்தில் மணலை வீசிப் பழைய பூச்சை எடுக்கிற சேண்ட் பிளாஸ்டிங். ஊருக்குப் பக்கத்தில் கேட், கிரில்லுக்கு அதைச் செய்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். வீலுக்கு 300 ரூபாய் போதும் என்றார்கள். இரும்பு பிரஷ் சொல்லிக் கொடுத்த பாடம் நினைவில் இருந்ததால், மகளின் பள்ளிப் பையில் இருந்த சிறு காந்தத்தை எடுத்துப் போயிருந்தேன். கீழே கொட்டிக் கிடந்த மணலில் காந்தத்தை வைத்தேன். கறுப்புத் தாடிபோல் கொத்தாக ஒட்டிக்கொண்டது. இரும்புக் குருணை. கேட்டுக்கு அது சரி, அலுமினிய வீலில் அடித்தால் ஒவ்வொரு குருணையும் ஒரு துரு விதை. வணக்கம் சொல்லிவிட்டு வீல்களைத் திரும்ப ஏற்றினேன்.

ஓசூர் வண்டித் தொழில் நிறைந்த ஊர். அங்கே அலாய் வீலுக்கென்றே வேலை செய்கிற பட்டறை ஒன்றைக் கண்டுபிடித்தேன். இரும்புக் குருணைக்குப் பதில் நுண்ணிய கண்ணாடி மணிகளை வைத்து வீசுவார்கள், வீலுக்கு 500. அங்கிருந்த வயதான மேஸ்திரி என் வீலைக் கையில் எடுத்ததும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினார். பிறகு விளிம்பில் இருந்த கீறலை நான் பட்டி என்கிற நிரப்புப் பசை வைத்து மூடியிருந்த இடத்தை நகத்தால் கிள்ளி, "தம்பி, இது அடுப்பில் கொப்பளிக்கும், முழுக்க எடுத்துவிடுகிறேன்" என்றார். சாதாரண பட்டி பவுடர் கோட்டிங் சூட்டைத் தாங்காது. கிட்டத்தட்ட 200 டிகிரியில் இருபது நிமிடம் வேகும். கீறலை உலோகத்தைத் தேய்த்தே சமன் செய்யவேண்டும், ஆழமான காயம் என்றால் தேய்க்கவும் கூடாது.

சூட்டைப் பற்றி அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியவேண்டியது. அலாய் வீலை வார்த்த பிறகு 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்துத்தான் அதற்கு வலிமை ஏற்றுகிறார்கள். சில பட்டறைகளில் பழைய பெயின்டைச் சீக்கிரம் எடுக்க, இரும்புப் பொருள்களோடு சேர்த்து 400 டிகிரி அடுப்பில் எரித்துவிடுவார்கள். வீல் பார்க்கப் பளிச்சென்று வெளியே வரும், உள்ளே வலிமை போயிருக்கும். குழியில் இறங்கும்போது வளையும் அல்லது உடையும். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது, பழைய பூச்சை எப்படி எடுப்பீர்கள் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். எரிப்போம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

விரிசல் பார்க்கச் சிவப்புத் திரவத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தார்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்த சிவப்பு வெள்ளையில் கோடாக ஊறி வெளிவரும். அந்தப் பத்து நிமிடம் நான் நான்கு வீல்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான்கும் வெள்ளையாகவே இருந்தன. ஒரு வீல் மட்டும் சுற்றிப் பார்த்தபோது லேசாக ஆடியது, அதை நிமிர்த்த 1,200. கோட்டிங் வீலுக்கு 1,800. நட்டுப் பள்ளங்களில் சூடு தாங்கும் ரப்பர் அடைப்பான்களைச் செருகி, ஹப் முகத்திலும் நடு ஓட்டையிலும் பச்சை டேப்பைக் கத்தியால் வட்டமாக வெட்டி ஒட்டினார் மேஸ்திரி. அதைச் செய்யச் சொல்லி நான் கேட்கவேண்டியிருக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. வெறும் வீலை ஒருமுறை காலியாக அடுப்பில் ஏற்றி இறக்கிய பிறகுதான் பவுடர் போட்டார். வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் அடைந்திருக்கிற காற்றும் எண்ணெயும் முன்னாலேயே வெளியேறாவிட்டால், பூச்சு வேகும்போது ஊசித் துளைகளாக வெடிக்குமாம்.

டயர் கழற்றிய 400, புது வால்வோடு மாட்டி பேலன்ஸ் செய்த 1,400 ஆகியவற்றோடு ஓசூர் வேலை முடிந்தது. டயர் மாட்டும்போது இயந்திரத்தின் பிடி வீலின் விளிம்பைக் கீறாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். பேலன்ஸுக்காக வைக்கிற ஈய எடையும் விளிம்பில் அடிக்கிற கொக்கி வகை வேண்டாம், உள்ளே ஒட்டுகிற வகை போதும். ஒரு கொக்கி போட்ட கீறல் போதும், அந்த வெள்ளைப் புழு மறுபடி அங்கிருந்துதான் கிளம்பும். கார்த்திகை பிறந்த வாரத்தில் வண்டி வீட்டுக்கு வந்தது. 50 கிலோமீட்டரிலும் 100 கிலோமீட்டரிலும் ரெஞ்ச் வைத்தேன். ஒரு நட்டும் அசையவில்லை. காற்று 30-லேயே நிற்கிறது. தண்ணீரும் சாதாரண ஷாம்பும்தான் இப்போது போடுகிறேன். சர்வீஸ் கடைக்குப் போனால் வீல் பக்கம் எந்தப் பாட்டிலையும் கொண்டுவரவேண்டாம் என்று இறங்கியவுடனேயே சொல்லிவிடுகிறேன்.

காஸ்டிக் சோடாவில் கெட்ட அந்த வீல் தோப்புக் கொட்டகையில் கிடந்தது. போன வாரம் பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார். அப்படியே கொடுத்தால் யாராவது வாங்கி, மேலே சில்வர் அடித்து, எந்தக் காரிலாவது மாட்டிவிடுவார்கள். கிரைண்டரை எடுத்து விளிம்பில் இருந்து மையம் வரை இரண்டு இடத்தில் அறுத்துத் துண்டாக்கிய பிறகுதான் தராசில் வைத்தேன்.